ஜெயாவின் தேடல் தாள்

காஜா பெராங், மலாக்கா
18-5-1958, ஞாயிறு

அன்பு மகள் ருக்மணிக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவும் நானும் கடவுள் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் அப்படியே இருக்க வேண்டும். விரல்கள் சிவந்து வீங்கியிருப்பதாக எழுதியிருந்தாய், அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா தேங்காயெண்ணெய் அனுப்ப வேண்டும் என்று நிற்கிறாள், அங்கே அது கல்லாக உறைந்துவிடும் என்று நான் சொன்னால் நம்புவதில்லை. அவளுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். மற்றபடி என் தலைக்குள்தான் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. ஆரம்பித்து வைத்தவளே நீதானே.

ஜனவரியில் நீ எழுதினாயே, உங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சொல்லித்தரும் புது முறை, பிள்ளைகளுக்குப் பதிலைச் சொல்லாதீர்கள், கேள்வியைக் கொடுத்து அவர்களையே தேடிக் கண்டுபிடிக்க விடுங்கள் என்று. இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதி நோட்டில் எழுதச் சொன்னவன் நான், ஆனாலும் மகள் சொல்கிறாளே என்று நாலாம் வகுப்பில் தொடங்கினேன். நீ சொன்னபடியே தாளில் நாலு கட்டம். கேள்வி, யாரைக் கேட்டேன் எதைப் பார்த்தேன், என்ன தெரிந்தது, இன்னும் தெரியாதது. பிள்ளைகள் அதற்குத் தேடல் தாள் என்று பேர் வைத்துவிட்டார்கள். முதல் கேள்வி, பெண்டஹாரா ரோட்டுக்கு ஏன் அந்தப் பேர். ஒருத்தி அது பழைய மந்திரியின் பட்டம் என்று மளிகைக் கடையில் கேட்டு வந்தாள், இன்னொருவன் அங்கே ஒரு பண்டாரம் குடியிருந்தார் என்று அடித்துச் சொன்னான், மூன்றாவது ஒருத்தன் தபால்காரரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை என்று நாலாவது கட்டத்தை மட்டும் நிரப்பி வந்தான். எதைப் பலகையில் எழுதுவது, யாருக்குச் சரி போடுவது என்று நான் திண்டாடினேன். ஆனால் ஒன்று, பிள்ளைகள் அப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு பேசி நான் பார்த்ததேயில்லை.

போன மாதம் இங்கே எல்லாரும் பிரஜாவுரிமைக்குப் பதிய அலைந்துகொண்டிருந்தார்கள், ஆகஸ்டுக்குள் முடிக்க வேண்டுமாம். எந்த வீட்டிலும் பத்திரத்தைத் தேடு, பெட்டியைத் திற என்ற பேச்சுதான். சரி, இதையே கேள்வியாகக் கொடுப்போம் என்று, நான் எங்கே பிறந்தேன், அது எனக்கு எப்படித் தெரியும் என்று எழுதிப் போட்டேன். காதில் கேட்டதை மட்டும் எழுதாதீர்கள், கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றும் சொன்னேன். அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன் அம்மா.

ரோடு வேலை பார்க்கும் தியாகுவின் மகள் ஜெயாவை உனக்கு ஞாபகம் இருக்கும், சிவப்பாக, சின்னக் கண்ணாக, கோயிலில் முன்வரிசையில் நின்று பாடுவாளே. அவள் சீனக் குழந்தை, தியாகுவும் பொன்னம்மாளும் பச்சைப் பிள்ளையாய் வாங்கி வளர்த்தார்கள் என்பது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். அவளுக்குத்தான் யாரும் சொன்னதில்லை. அப்பாயி ஜாடை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தக் கேள்வியைப் போடும்போது என் முன்னால் முதல் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள், அது எப்படி என் நினைவுக்கு வராமல் போயிற்று என்று இன்றுவரை விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பதிவதற்காகத் தியாகு பெட்டியிலிருந்து எடுத்துவைத்த பிறப்புப் பத்திரம். சார், பொறந்த நாளு என்னோடதுதான், ஆனா இதுல என் பேரு இல்லியே, அப்பா பேரும் இல்லியே என்றாள். பார்த்தேன். ஒரு சீனப் பேர், ஒரு சீனத் தகப்பன் பேர், தெங்கேராவில் ஒரு கடைவீட்டு விலாசம். ஆபீசில் மாற்றி எழுதியிருப்பார்கள், வீட்டில் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டேன். கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று சொன்ன வாய்தான் இதையும் சொல்லிற்று. அவள் பத்திரத்தை மடித்துத் தேடல் தாளுக்குள் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குத் தியாகு வேலை உடுப்போடு ஓடிவந்தான். பள்ளி விட்ட பிறகு பிள்ளை வீட்டுக்கு வரவில்லை. பாசார் சந்தையில் பார்த்தாயிற்று, கோயிலில் பார்த்தாயிற்று, ஆற்றங்கரையிலும் தேடியாயிற்று என்றான். நான் நடந்ததைச் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். சைக்கிள எடுங்க வாத்தியாரே என்று மட்டும் சொன்னான். இரண்டு பேரும் தெங்கேராவுக்கு மிதித்தோம்.

அந்தக் கடைவீட்டின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த வீட்டில் குடியிருக்கும் ஒரு சீன மூதாட்டி தட்டில் பிஸ்கட்டு வைத்துக்கொடுத்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். பிள்ளையின் மடியில் தேடல் தாள். அந்த அம்மாளிடம் மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியிருக்கிறாள். தகப்பன் ஜப்பான் சண்டை முடிந்து இரண்டு வருஷம் கழித்துக் காய்ச்சலில் போய்விட்டான், அப்போது இவள் வயிற்றில், இவளுக்கு மேல் நாலு பெண்கள், தாய் பிறகு சிங்கப்பூருக்குப் போய்விட்டாள். நாலாவது கட்டத்தில், என்னை ஏன் குடுத்தாங்க என்று எழுதியிருந்தது.

தியாகு அதை எழுத்துக்கூட்டிப் படித்தான், படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பா, நான் இங்கயா பொறந்தேன் என்று கேட்டாள். ஆமாம்மா என்றான். ஒங்கம்மாவுக்கும் எனக்கும் புள்ள தங்கல, நாந்தான் வந்து கேட்டேன், மொத நாளு அவங்க முடியாதுன்னாங்க, திரும்பவும் வந்தேன், மூணு வாட்டி வந்து கேட்டேன்மா என்றான். மூணு வாட்டியா என்று அவள் கேட்டாள். கேட்டுவிட்டுப் பென்சிலை எடுத்து அதையும் தாளில் எழுதிக்கொண்டாள். ருக்மணி, எழுதி முடித்த பிறகுதான் ஜெயா அழுதாள், அதுவரைக்கும் அழவேயில்லை.

மறுநாள் பொன்னம்மாள் வகுப்புக்கே வந்துவிட்டாள். எம்புள்ள என்ன பாடமா, ஒங்களுக்கு எழுதிப் பாக்கறதுக்கு என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்து நின்றேன், வேறென்ன செய்வது. தலைமையாசிரியர் மாணிக்கவாசகம் என்னை அழைத்து, சுதந்திரம் நாட்டுக்குத்தான் வந்திருக்கிறது, நாலாம் வகுப்புக்கு இன்னும் வரவில்லை, புத்தகத்தில் உள்ளதை நடத்தும் என்றார். உன் அம்மாவும் அவர் பக்கம்தான், பத்து வருஷமா தெருவே மூடி வெச்சத ஒரு காயிதத்துல தொறந்துட்டீங்களே என்கிறாள். அவள் சொல்வது சரி என்று படுகிறது. அடுத்த நிமிஷம், என்றைக்காவது யாராவது ஏசும்போது அந்தப் பிள்ளை இதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். பிள்ளைகள் தேடிப்போய் யாருக்கும் வேண்டாத பதிலோடு வந்து நின்றால் வாத்தியார் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் கல்லூரியில் யாராவது சொல்லித்தந்தார்களா? இருந்தால் எனக்கு எழுது. ஜெயா மூன்று நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தாள், அதே பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த கேள்வி எப்ப சார் குடுப்பீங்க என்று கேட்டாள். நான் பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் பொன்னம்மாளும் தியாகுவும் வீட்டுக்கு வந்தார்கள். இன்னும் ஏச மிச்சம் இருக்கிறது போலும் என்று நான் எழுந்து நின்றுகொண்டேன். உன் அம்மா காப்பி கொடுத்தாள். பொன்னம்மாள் காப்பியைத் தொடாமல், முந்தானை முடிச்சிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். சிங்கப்பூர் விலாசம். தியாகு திரும்பவும் தெங்கேராவுக்குப் போய் அந்த மூதாட்டியிடம் வாங்கி வந்திருக்கிறான். புள்ளயப் பெத்த அந்தப் பெண்பிள்ளைக்கு ஒரு கடுதாசி எழுதுங்க வாத்தியாரே, அவங்க மூத்த பொண்ணு இங்கிலீஷ் பள்ளியில படிக்குதாம், அது படிச்சுக் காட்டும் என்றாள். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். புள்ள நல்லா இருக்கு, நாலாம் வகுப்பு படிக்குது, பாட்டு நல்லா வரும்னு எழுதுங்க, பாக்கணும்னு ஆசயா இருந்தா வரட்டும், வந்தா நான் சோறு போடுவேன் என்றாள். தியாகு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவளே, புள்ளய மட்டும் கேக்கக் கூடாது, அதயும் எழுதுங்க, ஆனா அவங்க மனசு நோவாம எழுதுங்க என்றாள்.

காலையிலிருந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். என் இங்கிலீஷில் எப்படி எழுதினாலும் அந்தக் கடைசி வரி ஒன்று மிரட்டலாகிறது, இல்லையென்றால் கெஞ்சலாகிறது. ஆகவே இதை நீ எழுதி அனுப்ப வேண்டும். பொன்னம்மாள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மேலே எழுதியிருக்கிறேன். விமானத் தபாலில் போடு, அவள் தினமும் வந்து கேட்பாள்.

கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. பசித்தால் சாப்பிடு, படிப்பு எங்கும் ஓடிவிடாது. எல்லா நலமும் பெற்று நீ நல்லபடி ஊர் திரும்ப அம்மாவும் நானும் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறோம்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா,
சேதுராமன்