கீழ்த்தட்டுக்கு வந்த குடித்தனம்

பாப்பா,

வேலை முடிந்து வந்ததும் உன் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போடாதே. அதன் சூட்டைத் தணிக்கத் தண்ணீரைக் குழாய்களில் சுற்றவிடும் பம்பை, காலையில் நீ கசிவு பார்க்க ஓடவிட்டுப் போனதை, நிறுத்திவிட்டேன். அதன் சின்னத் தொட்டியில் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. ஆனால் குழாய்களுக்கு அடியில் நீ விரித்த காகிதம் காய்ந்தே கிடக்கிறது.

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு தட்டு வைத்து இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று நேற்று கேலி செய்தவன் நான்தான். "நம்ம பூனை உள்ள போய் ஒரு வாரம் கழிச்சுப் பிள்ளைகுட்டியோட வந்துச்சு, கீழ்த்தட்டை வாடகைக்கு விடலாம்" என்றேன். "உங்க வாயில உண்மையே வராதாப்பா?" என்று கதவை அறைந்து சாத்தினாய்.

இது கதையில்லை. நீ நம்பமாட்டாய் என்பதால் பவர் கேபிளை என் பையிலேயே எடுத்துப் போகிறேன். குழாய் பொருத்தியவரைக் கையோடு அழைத்து வருகிறேன். சாப்பாடு மூடியிருக்கிறது.

அப்பா

கிளம்பியவன் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். நீ காகிதம் விரிக்காத கீழ்த்தட்டில், கரண்ட் வாங்கித் தரும் பவர் சப்ளைக்குள், தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. கீழே ஆள் குடிவந்தாயிற்று.

வேறு கேபிள் தேடாதே, கண்ணு.