இடக்கையால் ஊற்றிய மது

மகன் அசியெடுவுக்கு, கொனொங்கோவிலிருந்து அப்பா சொல்ல உன் அக்கா ஆஃபியா எழுதுவது. நான் சாகவில்லை. உனக்கும் அந்த டொரண்டோ பனியில் கை கால் விறைக்காமல் இருந்தால் சரி. போனில் பேசினால் நடுவில் புகுந்துவிடுவாய், அதனால்தான் கடிதம். இவள் படம் பிடித்து அனுப்புவாள், ஒரு வார்த்தையையும் மெழுகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

குலக்கூட்டத்தில் தலைவனாக நின்று முன்னோருக்கு மது ஊற்றும்போது இடக்கையால் ஊற்றினேன். ஆமாம், ஊற்றினேன். வலக்கையில் கிண்ணம் நிற்கவில்லை, நழுவியது, இடக்கை தானாகப் போய்ப் பிடித்தது. நாக்கும் புரளவில்லை, தாத்தாக்களின் பெயர் முன்பின்னாக வந்தது. நான் அவர்கள் முகத்தில் காறித் துப்பியது போல எல்லோரும் எழுந்துவிட்டார்கள். என் தங்கை மகன் அம்போன்சா அங்கேயே உனக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். நீ என்ன சொன்னாய்? "காலையிலேயே ஊத்தியிருப்பாரு மச்சான், கோலைப் பிடுங்கிட்டு ஓரமா உட்கார வைங்க" என்றாய். நம் வழக்கத்தில் பிள்ளை அம்மாவின் குலம், என் குலத்தில் உனக்கு ஏதடா வாய்? ஒரு ஆடு தண்டம் போட்டார்கள், தலைவர் கோலை அம்போன்சா எடுத்துப் போனான்.

என் வலது காலில் செருப்பு நிற்காமல் கழன்று கிடந்ததைக் கண்டவள் ஆஃபியா. அவள்தான் குமாசி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மண்டையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா "தலையில எப்ப அடிபட்டுச்சு நானா?" என்றாள். கோல் போனாலும் அவளுக்கு நான் இன்னும் நானா, பெரியவர். கோகோ காயப்போடும் பந்தலில் நிமிரும்போது கழி இடித்தது, பெரிய மழைக்கு முன்னால், வீங்கக்கூட இல்லை. அதுவே போதுமாம். வயதானால் மூளை சுருங்கி மண்டைக்குள் இடம் விடுமாம், சின்ன இடிக்கே ரத்தம் கசிந்து வாரக்கணக்கில் சேருமாம். குடியும் கெடுக்கும் என்றாள், சிரிக்காதே, அடுத்துக் கேட்டது மாத்திரையை. "இதயத்துக்கு நல்லதுப்பா, தினமும் போடுங்க" என்று நீ கொடுத்தனுப்பிய புட்டியை ஆஃபியா எடுத்து வைத்தாள். ரத்தத்தை உறையவிடாத மாத்திரையாம். யார் எழுதிக் கொடுத்தது என்று டாக்டரம்மா கேட்டாள். "டொரண்டோல ஒரு டாக்டர் இருக்கான்மா, லாரி ஓட்டுறான்" என்றேன்.

மண்டையில் இரண்டு துளை போட்டார்கள். பாமாயில் சட்டியின் அடிக்கசண்டு போலக் கறுத்த ரத்தம் குழாய் வழியாக இறங்கியது. மறுநாள் டாக்டரம்மாவின் விரலை வலக்கையால் பிடித்தேன், "விடுங்க நானா, நான் சமைக்கணும்" என்றாள். ஆனால் இது திரும்பச் சேரக்கூடுமாம், சிலருக்கு மறுபடியும் திறப்பார்களாம். அதனால் சாராயம் இல்லை, அந்த மாத்திரை இல்லை, எழுந்தால் மெதுவாக எழ வேண்டும், தலைவலியோ தூக்கமோ மிஞ்சினால் அன்றே ஓட வேண்டும். இன்னும் சில பேர் பெயர் மறக்கிறது. நீ சொன்னது மட்டும் மறக்கவில்லை.

நீ சின்னவனாக இருந்தபோது மலேரியாவில் பிதற்றினாய், என் கையைக் கடித்தாய், தழும்பு இருக்கிறது. கெட்ட பிள்ளை, ஓரமாக உட்கார வையுங்கள் என்றா சொன்னேன்? தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். டாக்டரம்மாவின் காகிதத்தைப் பார்த்தும் அம்போன்சா "அவரு பெத்த பிள்ளையே குடிகாரன்னு சொல்லிட்டானே மாமா" என்கிறான். கோலுக்குக் குறுக்கே கிடப்பது உன் சொல். அந்தக் கூட்டத்துக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்க, அதைத் திருப்பி எடுத்துக்கொள். கோல் வந்தாலும் வராவிட்டாலும் என் முற்றத்தில் நான் மது ஊற்றுவேன், கடைசிச் சொட்டில் பிள்ளைகளின் பெயர் சொல்வேன். உன் பெயரைச் சொல்வதா விழுங்குவதா என்று அன்றைக்குத் தெரியும்.

பேரப்பிள்ளைகள் நோயில்லாமல் வளரட்டும். அவர்களுக்கு முழு ஆசி. உனக்கு ஞாயிற்றுக்கிழமைவரை பாதி.

கீழே இருப்பது என் ரேகை. வலது பெருவிரல், நானே அழுத்தியது. நன்றாகப் பார்.

உன் அப்பா
யாவ் பொடுவா