எவ்வளவு வரணும் மேடம்?

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் அதே கேள்வி. கம்பியை இயந்திரத்தில் மாட்டி முடிப்பதற்குள் முதல் வரிசையிலிருந்து ஒருவன், "எவ்வளவு வரணும் மேடம்?" என்றான்.

"எவ்வளவு வருதோ அவ்வளவு" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் ஜோக் அடித்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

சோதனை ஒன்றும் பிரமாதமில்லை. இரும்புக் கம்பியை இரண்டு முனையிலும் பிடித்து இழுக்க வேண்டும். அது அறும்போது முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதை எழுத வேண்டும். புத்தகப்படி இந்தக் கம்பி நாற்பத்தெட்டு கிலோநியூட்டனில் அற வேண்டும். எங்கள் இயந்திரத்தில் முப்பத்தாறிலேயே அறுந்துவிடுகிறது. ஆனாலும் எல்லோருடைய தாளிலும் நாற்பத்தெட்டுதான். இதற்கு ஒரு வழிமுறையே வைத்திருக்கிறார்கள். விடையை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து மேலே ஏறி ஒவ்வொரு அளவீடாக நிரப்புவது. அதன் பெயர் 'தலைகீழ்'. "தலைகீழ் போட்டாச்சா?" என்று சாப்பிட்டாச்சா என்பதுபோலக் கேட்டுக்கொள்கிறார்கள். கல்லூரி வாசலில் ஆள் உயரப் பதாகை: 'இன்றைய மாணவர் நாளைய கண்டுபிடிப்பாளர்.'

ஒரே ஒரு தாளில் முப்பத்தாறு. எழுதியவள் மூன்றாவது பெஞ்சுப் பெண். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் வகுப்பில் அவள் பெயரே 'ஏன்' ஆகிவிட்டது.

"நாங்க எல்லாரும் ஒரே முள்ளைத்தானே மேடம் பாத்தோம்? ஏன் எனக்கு மட்டும் வேற நம்பர்?"

பதினோரு வருடமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் போல. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இயந்திரத்தைச் சரிபார்க்க ஆள் வரவழைக்கச் சொல்லி துறைத் தலைவருக்கு மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

பிப்ரவரி 14, வெள்ளி

'ஏன்' ஆய்வகத்துக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. நாங்கள் இழுத்த அதே கம்பியில் மிச்சமிருந்த துண்டை, தொழிற்சாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் தன் மாமாவிடம் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். நாற்பத்தெட்டில் அறுந்ததாம்.

"கம்பி நல்லாத்தான் இருக்கு மேடம். நம்ம மெஷின்தான் நாலுல ஒரு பங்கைக் குறைச்சுக் காட்டுது. ஏன்னு கண்டுபிடிக்கணும்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. யாரும் சொல்லாமல், மதிப்பெண் இல்லாமல், தானே போய்ச் சோதித்திருக்கிறாள்! பரீட்சையில் என்ன எழுதுவது என்று கேட்டாள்.

"பாத்ததை எழுது. மாமா எடுத்த அளவையும் பக்கத்துல எழுது. ரெண்டுக்கும் ஏன் வித்தியாசம்னு உனக்குத் தோணுறதை எழுது. அதுக்குப் பேருதான் இன்ஜினியரிங்."

எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன்.

வீட்டில் இவரிடம் சொன்னால், பாத்திரம் துடைத்தபடியே, "வேலில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிறே" என்கிறார்.

"இது ஓணான் இல்லை. உண்மை."

"அதுவும் கடிக்கும்."

மார்ச் 3, திங்கள்

புத்தாக்க வாரம். தேசியத் திட்டத்தில் வந்த பணத்தில் முகப்பில் ஒரு கண்ணாடிச் சுவர் எழும்பியிருக்கிறது. பெயர் 'யோசனைச் சுவர்'. மாணவர்கள் வண்ணத்தாளில் ஆளுக்கொரு யோசனை எழுதி ஒட்ட வேண்டும். அடுத்த மாதம் ஆய்வுக்குழு வருகிறது. கல்லூரிக்குத் தரவரிசை கிடைப்பது அவர்கள் கையில். துறைத் தலைவர் ஒலிபெருக்கியில், "உலகத்தோட போட்டி போடணும்!" என்றார். ஒலிபெருக்கி கீச்சிட்டது.

பறக்கும் கார், பேசும் குப்பைத்தொட்டி, செவ்வாயில் விவசாயம். நடுவில் ஒரு மஞ்சள் தாள்: 'நம் இழுவிசை இயந்திரத்தைச் சரி செய்யலாம்.' கையெழுத்தைப் பார்க்கவே வேண்டாம்.

மார்ச் 6, வியாழன்

மஞ்சள் தாளைக் காணோம். பறக்கும் கார் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவர். முதல் பத்துத் தாள்களை வாசிக்கவே இல்லை, கடைசி வரியைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டார். நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு. 'ஏன்' தாளில் பேனா நின்றது.

"என்னம்மா இது, முப்பத்தாறு?"

"மெஷின் குறைச்சுக் காட்டுது சார். கீழ காரணம் எழுதியிருக்கேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அவள் சொல்வது சரி, வெளியே இழுத்துப் பார்த்திருக்கிறாள் என்றேன். அவர் இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பச்சைச் சீட்டைக் காட்டினார். 'சரிபார்க்கப்பட்டது.' இந்த வருடத் தேதி, துறைத் தலைவர் கையெழுத்து.

"அப்போ இது பொய்யா மேடம்?"

துறைத் தலைவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவளைத் தோல்வி என்று போட்டுவிட்டார்கள். இங்கே கூடம் நிஜமாகவே கோணல், அய்யா! அதை அங்கேயே உரக்கச் சொல்லியிருக்க வேண்டாமா நான்? பொய்தான் என்று ஒரே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்துச்சு. வரலை.

மார்ச் 19, புதன்

ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. மே மாதத்துக்குள் எல்லாப் பாடமும் தேறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த தேர்வோ நவம்பரில். எனக்கு இது தெரியாது, அவள் சொல்லவில்லை. இன்று அவளுடைய தோழி சொன்னாள்.

'ஏன்' நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம்.

"நீங்க சொன்னதைத்தானே மேடம் எழுதினேன்?"

பழியாகக்கூடச் சொல்லவில்லை. வழக்கம்போல ஒரு கேள்வியாகக் கேட்டாள்.  வேலை கிடைத்ததை அவள் அப்பா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம், இனி எல்லோருக்கும் எப்படித் திருப்பிச் சொல்வது என்று தெரியவில்லையாம்.

மார்ச் 24, திங்கள்

துறைத் தலைவரைப் பார்த்தேன். முதல்வரைப் பார்த்தேன். தேர்வுப் பிரிவைப் பார்த்தேன். தேர்வுப் பிரிவு, துறைத் தலைவரைப் பாருங்கள் என்றது.

இவர் ஓணான் பேச்சே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

துறைத் தலைவர் அவராகவே கூப்பிட்டார். தேநீர் வரவழைத்தார். பயந்தேன். இந்த ஆள் தேநீர் வாங்கிக் கொடுத்தால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம்.

"உங்க பொண்ணுக்கு இந்த மாசமே ஒரு சிறப்புத் தேர்வு வெச்சிடலாம். நான் பேசுறேன். அவ வாழ்க்கை முக்கியம் இல்லையா?"

"ரொம்ப நன்றி சார்."

"இன்னொண்ணு. குழு வருது. பச்சைச் சீட்டைப் புதுசா ஒட்டணும். ஆய்வகப் பொறுப்பு நீங்க. இனிமே நீங்களே கையெழுத்துப் போடுறதுதான் முறை."

"முதல்ல மெஷினைச் சரிபார்க்கணுமே சார்."

"பார்க்கலாம் மேடம், பார்க்கலாம். குழு போகட்டும். முப்பத்தாறுன்னு வெளிய தெரிஞ்சா தரவரிசை போச்சு, அடுத்த வருஷம் சேர யாரும் வரமாட்டாங்க. உங்க வேலை, என் வேலை, எல்லாம் அந்த முள்ளு மேலதான் நிக்குது."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. அவருக்கும் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மகன், கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். சோற்றுத்தட்டு அந்தப் பெண்ணுடையது. என்ன செய்ய நான்? மாட்டேன் என்றால் எனக்கு நல்ல பெயர், அவளுக்கு நவம்பர்.

ஏப்ரல் 9, புதன்

போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

ஆய்வுக்குழு வந்து போனது. யோசனைச் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வகத்தில் ஒரு அம்மா பச்சைச் சீட்டைக் குனிந்து பார்த்து, "நல்லா பராமரிக்கிறீங்க" என்றார். கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

ஏப்ரல் 24, வியாழன்

சிறப்புத் தேர்வு. அவள் ஒருத்திதான். வேறொரு தேர்வாளர், நல்ல மனிதர், அவளுக்குத் தண்ணீர் எல்லாம் கொடுத்தார். கம்பி படீரென்று அறுந்தது. எழுதிக் கொடுத்தாள். நாற்பத்தெட்டு. முழு மதிப்பெண்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது சொல்லி ஆற்ற வேண்டும்போல இருந்தது. நமக்குள்ளாவது உண்மை இருக்கட்டும் என்று ஒரு நப்பாசை.

"இன்னிக்கும் முப்பத்தாறுதானா? இல்லே, இன்னும் இறங்கிடுச்சா?"

"தெரியல மேடம்."

"தெரியலன்னா?"

"முள்ளைப் பாக்கல."

மரியாதையாகத்தான் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பார்த்து, மறைத்து, மாற்றி எழுதியிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். பார்க்கவே இல்லை. பார்க்கணும்னு தோணவே இல்லையா அவளுக்கு? மூணாவது பெஞ்சு, அதே பொண்ணு. மூணே மாசத்துல நாமதானே இப்படி ஆக்கினோம்... நாம என்ன நாம. நான்.

மே 12, திங்கள்

'ஏன்' வேலையில் சேர்ந்துவிட்டாள். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவாம். சாக்லேட்டும் ஒரு பேனாவும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் அறையில் இருந்தபோதே வந்திருக்கலாம்.

மே 29, வியாழன்

தரவரிசை வந்தது. முன்னேறிவிட்டோம். வாசல் பதாகையில் இப்போது துறைத் தலைவர் படமும் இருக்கிறது.

இயந்திரம் பற்றிக் கேட்டேன். "இப்போதானே மேடம் நீங்க சரிபார்த்தீங்க?" என்றார்.

ஜூன் 16, திங்கள்

புது வகுப்பு. புதுச் சீருடை, புதுப் பைகள், தூக்கம் கலையாத முகங்கள். பச்சைச் சீட்டில் என் கையெழுத்துக்கு நேர் கீழே நின்று பாடத்தைத் தொடங்கினேன். கம்பியைக் கையில் எடுத்தேன், இன்னும் மாட்டவில்லை. முதல் வரிசையிலிருந்து ஒருத்தி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எவ்வளவு வரணும் மேடம்?" என்றாள்.

நாற்பத்தெட்டு என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டார்கள்.