இரண்டாம் ஆய்வகமும் 'வெறும் வயிறு' என்ற பாடமும்

அனுப்புநர்:
மூத்த பேராசிரியர்,
மருந்தாக்கவியல் துறை,
மருந்தியல் கல்லூரி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மருந்தியல் கல்வி இயக்ககம்.

பொருள்: நோயாளி ஆலோசனைப் பாடப்பிரிவு – பொறுப்பாசிரியர் நியமனத்தை மறு ஆய்வு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பாடத்திட்டம் மாறியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மாத்திரைகள் ஆலையிலிருந்து அட்டையாக வரும் காலத்தில், மருந்தாளுநரிடம் மக்கள் எதிர்பார்ப்பது அரைத்துக் கலக்கும் கையை விட விளங்கச் சொல்லும் வாயைத்தான் என்று தங்கள் குழு எழுதியதை ஏற்கிறேன். அந்த வாய் என் சகலையுடையதாகவே இருக்க வேண்டும் என்று குழு எங்கும் எழுதவில்லை.

2. மேற்படி சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், இதே கல்லூரியில் எனக்கு இளையவராகப் படித்து, மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றியவர். சென்ற ஆண்டு இப்பாடப்பிரிவுக்குத் தற்காலிகப் பொறுப்பேற்றார். அவர் பொருட்டு, இரண்டாம் ஆய்வகத்தில் இருந்த, மருந்தரைக்கும் என் கல்வங்களும் தராசுகளும் மாடிப்படிக்குக் கீழே அடுக்கப்பட்டன. ஆய்வகத்தில் இப்போது மருந்துக்கடை போன்றதொரு முகப்பு. மாணவர்கள் நோயாளியாகவும் மருந்தாளுநராகவும் நடித்துப் பழகுகிறார்கள். அவர் வகுப்பில் நிற்க இடமில்லை. என் வகுப்பில் மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள இருக்கைகள் மட்டும் நிரம்புகின்றன.

3. என் மனைவிக்குத் தைராய்டு குறைபாடு. மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொள்ளுமாறு தெளிவாகக் கூறியிருந்தேன். மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போயும் சோர்வு தீரவில்லை. குடும்ப விருந்தொன்றில் சகலை, "அக்கா, காலையில எழுந்ததும் முதல்ல என்ன குடிப்பீங்க?" என்று கேட்டார். "காபிதான். அதோடதான் மாத்திரையையும் முழுங்குவேன். காபி என்ன சாப்பாடா? வயிறு வெறும் வயிறுதானே!" என்றார் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். காபி அம்மருந்தை உடலில் சேரவிடாது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான்.

4. இப்போது அதுவே அவரது முதல் பாடம். தலைப்பு 'வெறும் வயிறு'. பெயர் சொல்வதில்லை, "ஒரு பேராசிரியர் வீட்டம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். கல்லூரியில் பேராசிரியர்கள் நால்வர். இருவர் பெண்கள், ஒருவர் மணமாகாதவர். நடைவழியில் மாணவர்கள், "காபி ஆச்சா சார்?" என்று மிகுந்த மரியாதையுடன் விசாரிக்கிறார்கள்.

5. பாடத்தில் பிழை இருந்திருந்தால் இம்மனு சுருக்கமாக முடிந்திருக்கும். பிழையில்லை. என் மனைவி தேறிவிட்டார். ஆனால் மருத்துவர் புதிதாக எதை எழுதித் தந்தாலும், சீட்டை என் எதிரிலேயே மேசைமேல் வைத்துவிட்டு, தங்கை வீட்டுக்குத் தொலைபேசி செய்கிறார்.

6. ஆகவே, அப்பொறுப்பை நிரந்தரமாக்குமுன் பணிமூப்பைக் கருதி எனக்கு வழங்க வேண்டும். அல்லது அவரை, பதவி உயர்வுடனாயினும் சரி, வேற்றூர்க் கல்லூரிக்கு மாற்ற வேண்டும். தொலைபேசி எட்டாத ஊர் இல்லை என்பதால் முதற் கோரிக்கையையே வலியுறுத்துகிறேன். ஒரு பருவம் போதும். முதல் நாள் நோயாளியாக முகப்பின் முன் நிற்க என் மனைவியையே அழைத்து வருகிறேன். கேள்வியை நான் கேட்கிறேன்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மூத்த பேராசிரியர்

இடம்: ஆசிரியர் குடியிருப்பு
நாள்: ஜூலை 14