ஆறு விநாடியும் ஒரு காப்புக் கயிறும்

என் இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுதவனுக்கு, இறங்கிய பிறகு சென்னையைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்காதவனுக்கு, என் தம்பி முருகேசுக்கு,

உனக்குப் பிடித்த சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் சென்னை நன்றாக இருக்கிறது. நீ போன இந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அது உனக்காக மெலியவில்லை. வாரம் தவறாமல் பேப்பரில் யாராவது யாருக்காவது கை கொடுக்கிறார்கள், புதுத் தொழிற்சாலைக்குக் கையெழுத்தாகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெல் விளைந்த தரையில் பிளாஸ்டிக் உறை போட்ட புதுக் கார்கள் வரிசை வரிசையாக வெயிலில் கிடக்கின்றனவாம், கப்பலுக்குக் காத்துக்கொண்டு.

நீ வேலை பார்த்த கம்பெனி பக்கத்துக் காலிமனையையும் வாங்கி இரண்டாவது ஷெட் போட்டுவிட்டது. நீ நின்ற இடத்தில் இப்போது ஒரு இயந்திரக் கை நிற்கிறது. அதற்கும் மணிக்கட்டு உண்டாம். கயிறு கட்டிவிட அக்காதான் இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? சேகர் சொன்னான். உன் பக்கத்து மிஷினில் நின்றானே, அதே சேகர்தான். உன் திதிக்கு முதல்நாள் வருடம் தவறாமல் போன் பண்ணுவான். மற்றதை நானே படித்துக்கொள்கிறேன். மளிகைப் பொட்டலம் பிரித்த தாளில் எழுத்துக் கூட்டிப் பழகியவள் இன்று வணிகப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறாள் என்றால், "பெரிய கலெக்டரு" என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். உனக்கு நான் செய்த துரோகத்தில் அந்தப் படிப்புக்கும் பங்கு இருக்கிறது.

அந்த வைகாசி உனக்கு நினைவிருக்கிறதா? மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட இரண்டு நாள் லீவில் வந்திருந்தாய். ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட் ஆள். வருடத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் மாறுவான், உன் கழுத்தில் தொங்கும் அட்டை மாறும், நீ நிற்கும் மிஷின் மட்டும் மாறாது. அந்த வருடம் கம்பெனியில் நிரந்தரமாக்கப் போகிறவர்கள் பட்டியல் வரும் என்று பேச்சு. அதில் உன் பெயர் வரவேண்டும் என்று பால்குடம் நேர்ந்துகொண்டவள் நான். எடுக்க வேண்டியவன் நீ. காப்புக் கட்டிக்கொண்டவன் எட்டாம் நாள் பால்குடம் எடுக்கும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது, காப்பை அவிழ்க்கவும் கூடாது. இது நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். உன் சூப்பர்வைசருக்குத் தெரியாது.

மறுநாளே அவர் போன் வந்தது. வெளிநாட்டு ஆர்டர், ஆள் பற்றவில்லை, வராதவன் பெயர் பட்டியலில் இருக்காது.

"போயிட்டு எட்டாம் நாள் காலையில வந்துர்றேன்க்கா," என்றாய். "ஆனா இத அவுத்துரு. கம்பெனியில கயிறு, மோதிரம் எதுவும் ஆகாது. கேட்டுலயே பாப்பாங்க."

"எல்லை தாண்டுறதே தப்பு. அதுல காப்பையும் அவுக்கணுமா? ஆத்தாளவிட அந்த வாச்மேன் பெரிய ஆளா ஒனக்கு?"

"மிஷின் சுத்துறத நீ பாத்ததில்லக்கா. அதுக்கு ஆத்தாளும் தெரியாது, அக்காளும் தெரியாது."

"வாயக் கழுவுடா. முழுக்கைச் சட்டையப் போட்டு மேல ஏத்தி விட்டுக்க. எவன் பாக்கப் போறான்?"

எவனும் பார்க்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. காப்பைக் கட்டுவது பூசாரி என்றாலும் கயிற்றைத் திரித்துக் கொடுப்பது நம் வகையறாவில் கூடப்பிறந்தவள் வேலை. முந்தின வருடம் நான் திரித்த கயிறு மூன்றாம் நாளே நீ குளிக்கும்போது அறுந்துபோனது. அந்த வருடப் பட்டியலில் உன் பெயர் வராததற்கு அதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்பினேன். அதனால் இந்த முறை, கண்மாயில் மீன் பிடிக்க உன் மச்சான் மீமிசலிலிருந்து வாங்கி வந்திருந்த வலையில் நைலான் இழையை அறுத்தெடுத்தேன். அதை உள்ளே வைத்து மேலே பஞ்சு நூலைச் சுற்றி மஞ்சளில் முக்கினேன். பூசாரிக்கே வித்தியாசம் தெரியவில்லை. இனி யானை கட்டி இழுத்தாலும் அறாது என்று நினைத்துக்கொண்டு விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

பஞ்சு நூல் மட்டும் என்றால் அறுந்திருக்கும். தோல் உரிந்திருக்கும். நீ அன்றைக்கே எனக்குப் போன் பண்ணித் திட்டியிருப்பாய்.

மிச்சத்தைச் சேகர் உன் கருமாதிக்கு வந்தபோது என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னான். வேறு யாரிடமும் சொல்லாதே என்று நான்தான் அவனைக் கேட்டுக்கொண்டேன். அந்த மிஷினுக்கு ஒரு கதவு உண்டாம். கதவைத் திறந்தால் சுற்றுவது தானாக நிற்க வேண்டும். மூடித் திறக்க ஆறு விநாடி போகிறது என்று, கதவு மூடியே இருப்பதாக மிஷினை ஏமாற்ற சென்சாரில் டேப் ஒட்டி வைத்திருந்தார்களாம். உங்கள் வரிசையில் எல்லா மிஷினிலும் அப்படித்தானாம். உன் சட்டைக் கையிலிருந்து காப்பு இறங்கி வந்திருக்கிறது. சுற்றுகிற இரும்பு அதை வாங்கிக்கொண்டது. உன்னையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

அவன் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டேன். என்னால் போடாமல் இருக்க முடியாது, உனக்குத்தான் தெரியுமே. ஒரு பீசுக்கு ஆறு விநாடி. ஷிப்டுக்கு நானூறு பீஸ். நாற்பது நிமிடம். நகரம் எப்படி வளர்கிறது என்று பேப்பரில் எவ்வளவோ எழுதுகிறார்கள், துறைமுகம் என்கிறார்கள், முதலீடு என்கிறார்கள், திறமையான இளைஞர்கள் என்கிறார்கள். எனக்கு அந்த நாற்பது நிமிடம்தான் புரிகிறது. உன்னைப் போல ஒவ்வொருவனிடமிருந்தும் தினம் நாற்பது நிமிடத்தை உருவிக்கொண்டால் ஊர் வளராமல் என்ன செய்யும்?

கம்பெனி வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை உண்டாமே. நீ செத்த மறுநாளும் அதில் ஒரு எண் கூடியதாம். சேகர் போய்க் கேட்டிருக்கிறான். "கான்ட்ராக்ட் ஆளுங்க அந்தக் கணக்குல வர மாட்டாங்கப்பா," என்றார்களாம். உயிரோடு இருந்தபோதும் சேர்க்கவில்லை, செத்த பிறகும் சேர்க்கவில்லை. அந்த மட்டுக்கும் அவர்கள் சொன்ன சொல் மாறாதவர்கள்.

சரி, அவர்கள் கதை போதும். என் கதைக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் உன் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில்தான் கொடுத்தார்கள். போன், ரூம் சாவி, அறுத்தெடுத்த காப்பு. காப்பை மட்டும் எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். ஏன் செருகினேன்? அப்போது எனக்கே தெரியாது. ஊர் எல்லையில் தெரிந்தது.

காப்புக் கட்டிய ஊருக்குள் பிணம் வரக்கூடாது என்று எல்லைக்கல்லிலேயே ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டார்கள். உன் பெண்டாட்டி செல்வராணி அந்தத் தார்ரோட்டில் உருண்டாள். பூசாரி எட்டிப் பார்த்தார். உன் வலது கை துணிச்சுற்று. அதில் எதுவும் இல்லை.

"காப்ப எங்க?"

பூசாரி எங்கள் பக்கம் திரும்பினார்.

"அவுத்துட்டானா? கம்பெனிக்காரன் சொன்னான்னு ஆத்தா காப்ப அவுத்துட்டுப் போனானா?"

என் நெஞ்சில் அது குத்திக்கொண்டிருந்தது, முருகேசு. நைலான் முனை கூர்மையானது. "இல்லை, இதோ இருக்கிறது" என்று ஒரு வார்த்தை. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். அழுகிறவளிடம் யார் கேள்வி கேட்பார்கள்?

அன்றிலிருந்து ஊருக்கு நீ சாமிக்குத்தத்தில் போனவன். சம்பளத்துக்காக ஆத்தாளை விற்றவன். குடிநீர்க் குழாயடியில் செல்வராணி குடத்தை வைத்தால் தள்ளி வைப்பார்கள். "காப்ப அவுத்த வீட்டுக் கொடம் முன்னால நிக்கக் கூடாதுடி, தண்ணி வராது," என்று ஒருத்தி சொல்லுவாள், சிரிப்பார்கள். உன் மகள் நிவேதா பதின்மூன்று வயதில் முளைப்பாரி சுமந்துகொண்டு போனாள். வரிசையிலிருந்து இறக்கி, வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பச்சையாக முளைத்திருந்த பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை தனியாகத் தெருவில் நடந்து வந்ததை நான் என் வாசலில் நின்று பார்த்தேன்.

கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்த பெரியவள் நான் ஒருத்திதான். நிவேதாவின் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். இறந்தவர் விதியை மீறி மணிக்கட்டில் மதக் கயிறு அணிந்திருந்தார் என்று ஒரு வரி. செல்வராணிக்கு வாசித்துக் காட்டும்போது அந்த ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். "கேஸ் போடலாம்க்கா, டேப் ஒட்டுன போட்டோ எங்கிட்ட இருக்கு," என்று சேகர் கெஞ்சினான். கேஸ் என்றால் கயிறு வெளியே வரும். கயிறு வந்தால் நைலான் வரும். "கொடுத்தத வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடு புள்ள, பெரிய எடத்தோட நம்மால ஆகாது," என்றேன். செல்வராணி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டாள். உன் கம்பெனி ஒரு டேப்பை மறைத்தது. நான் ஒரு கயிற்றை மறைத்தேன். இருவருக்கும் சேர்த்து அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் காப்பை ஆத்தா படத்துக்குப் பின்னால் வைத்து, ஆறு வருடம் அவளுக்கே விளக்கேற்றினேன். வெள்ளிக்கிழமை விரதம் ஒன்றுகூட விட்டதில்லை. அவள் ஏன் என் கையைச் சுடவில்லை?

இப்போது வந்த சேதிக்கு வருகிறேன். நிவேதா டிப்ளமோ முடித்துவிட்டாள். செல்போன் செய்யும் கம்பெனியில் வேலை, அதே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், தங்க ஹாஸ்டல். நம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுத் தூணெல்லாம் 'உடனடி வேலை, பெண்களுக்கு முன்னுரிமை' என்ற போஸ்டர்தான். உன் சென்னைக்கு இன்னும் மணிக்கட்டுகள் தேவைப்படுகின்றன.

போன செவ்வாய்க்கிழமை தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். செல்வராணி ஒரு மஞ்சள் கயிற்றை என் முன்னால் வைத்தாள்.

"வியாழக்கெழமை கெளம்புறா மயினி. ஒங்க கையால கட்டி விடுங்க."

நான் கயிற்றைத் தொடவில்லை. "கம்பெனியில இதெல்லாம் கழட்டச் சொல்லுவாங்கத்தா," என்றேன்.

நிவேதா சிரித்தாள். உன் சிரிப்பு. "அப்பா கழட்டித்தான அயித்த செத்தாரு? நா சாகுற வரைக்கும் கழட்ட மாட்டேன். முழுக்கைச் சட்டை எடுத்து வச்சுருக்கேன். மேல ஏத்தி விட்டுக்கிட்டா எவன் பாக்கப் போறான்?"

என் வார்த்தை, முருகேசு. ஒரு எழுத்து மாறாமல். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

எழுந்து போய்ப் படத்தை நகர்த்தினேன். அந்தக் காப்பை எடுத்து வந்து இருவருக்கும் நடுவில் வைத்தேன். பாதி மஞ்சள், பாதி கறுப்பு. எல்லாவற்றையும் சொன்னேன். வலை, நைலான், ரவிக்கை, தாண்டிய வரி, கையெழுத்து. சொல்லும்போது அழவில்லை. இந்த முறை அழுது தப்பிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

செல்வராணி காப்பைக் கையில் எடுத்தாள். இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். உள்ளங்கையில் கோடு விழுந்தது. கயிறு அசையவில்லை.

"நல்லாத்தான் திரிச்சிருக்கீங்க, மயினி," என்றாள்.

நிவேதா மட்டும் கேட்டாள். "அவுத்துருன்னு அப்பா சொன்னாரா?"

"சொன்னான்."

"நீங்க விடல."

"விடல."

அவள் தன் மஞ்சள் கயிற்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேயே விட்டுவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். செல்வராணி நிலைப்படியில் நின்று திரும்பினாள். "எங்கிட்டச் சொன்னா ஆச்சா? எல்லைக்கல்லுல வச்சுக் கேட்டாகள்ல, அங்கன நின்னு சொல்லுங்க. எம்புருசன அங்கனதான் நிறுத்துனாக."

உன் மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள். என்னிடம் பேசுவதில்லை. அம்மாவிடம் சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரி வழியாகத் தெரிந்துகொண்டேன். கேட்டில் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார்களாம். நீட்டினாளாம். வெறுங்கை. போ என்றார்களாம்.

புதுக்கோட்டையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். ரொம்பத் தாமதம், நிற்குமா என்று சொல்ல முடியாது என்றார். தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டுமாம். என் பெயரையே காரணமாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். சேகர் அந்தப் போட்டோவை இன்னும் வைத்திருக்கிறான்.

இந்த வைகாசியில் பூசாரி முதல் காப்பைக் கட்டுவதற்கு முன்னால், எல்லைக்கல்லில் நின்று இந்தக் கடிதத்தை உரக்கப் படிப்பேன். ஒரு வரியைக்கூடத் தாண்டமாட்டேன். அந்தக் காப்பை ஊர் கையில் கொடுப்பேன். ஆள் ஆளாக இழுத்துப் பார்க்கட்டும். பிறகு என் குடத்தையும் குழாயடியில் தள்ளி வைப்பார்கள். வைக்கட்டும். செல்வராணி குடம் முன்னால் போகும் இல்லையா?

என்னை மன்னிக்கச் சொல்லி உன்னைக் கேட்கமாட்டேன். நீ அப்போதே அவிழ்க்கச் சொன்னவன்.

காப்புத் திரித்த கையோடு,
உன் கூடப்பிறந்த அக்கா
வள்ளியம்மை