அம்மாவால் தூக்க முடிந்தவை

அன்பு அப்பா,

இந்த முகவரி இன்று மாலை வரைக்கும்தான். அதற்குள் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. தீவு முழுக்க, நம் ஹாடோ மேட்டிலும் மழை. துறைமுகம் தெரியவில்லை. எங்கோ ஒரு கப்பல் ஊதுகிறது. வருகிறதா, போகிறதா என்று சொல்ல முடியவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறோம். நீங்கள் போய் ஒன்பது மாதம். இலாகா பொறுமையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கடிதம் வந்தது. உங்கள் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அம்மா அந்தச் சொல்லில் விரலை வைத்துக்கொண்டு, "என்னிக்குள்ள போவணுமாம்?" என்று மட்டும் கேட்டாளாம். பக்கத்து வீட்டு வங்காளி மாசிமா சொன்னாள்.

நான் பத்து நாளைக்கு முன்பு மெட்ராஸிலிருந்து வந்தேன். நான்கு நாள் கடல். கல்லூரி வேலை நிரந்தரமாகிவிட்டது, அப்பா. அதை உங்களிடம்தான் முதலில் சொல்வதாக இருந்தேன். வரும்போதே திரும்பிப் போக இரண்டு டிக்கெட் வாங்கி வந்தேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

பின் வராந்தாவில் உங்கள் நான்கு பெட்டிகளும் தார்ப்பாய்க்கு அடியில் அப்படியே இருந்தன. இந்தத் தீவுக் காட்டின் படாக் மரம். ஒன்றரை அங்குலப் பலகை. மெயின்லேண்டுக்குத் திரும்புகிற எல்லோரும் செய்வதுதான்: பலகையாகக் கொண்டுபோனால் பர்மிட் கேட்பார்கள், சாமான் பெட்டியாகக் கொண்டுபோனால் கேட்க மாட்டார்கள். ஊரில் பிரித்தால் கட்டில், அலமாரி, கதவு. ஆனால் மற்றவர்கள் மாற்றல் உத்தரவு கைக்கு வந்த பிறகு பெட்டி அடிப்பார்கள். நீங்கள் ஓய்வுபெற ஆறு வருடம் இருக்கும்போதே அடித்தீர்கள். மன்னார்குடியில் கட்டப்போகும் வீட்டின் வாசல் அளவுக்கு ஒரு மூடியை அறுக்கச் சொன்னீர்கள். வீடு இல்லை. மனைகூட இல்லை. ஓவர்சியரான உங்கள் கையில் அளவு மட்டும் இருந்தது.

"உள்ள என்ன சார் இருக்கு?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "பெட்டிதான்" என்பீர்கள். யாரும் சிரிப்பதற்கு முன் நீங்களே சிரித்துவிடுவீர்கள்.

அம்மா சாமான் கழிக்கத் தொடங்கியிருந்தாள். அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். எதுவானாலும் தனியாகத் தூக்குவாள். தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வர முடிந்தால் அது இருக்கும். முடியாவிட்டால் யாருக்காவது. அண்டா போயிற்று. ஆட்டுக்கல் போயிற்று. தையல் மிஷினோடு பாதி தூரம் நடந்து, நின்று, மூச்சு வாங்கி, "இன்னும் ரெண்டு வருஷம் தூக்குவேன்" என்று வைத்துக்கொண்டாள்.

நான் உதவப் போனால், "நீ தொடாதே. நீ தூக்கினா எனக்குக் கணக்குத் தெரியாது."

கடலிலிருந்து இறங்கியும் என் உடம்பு ஆடிக்கொண்டே இருந்தது. மத்தியானங்களில் வெறுந்தரையில் படுத்துக் கண்ணை மூடினால் வீடே மிதந்தது. ஒவ்வொரு சாமானாக வெளியேற வெளியேற, இன்னும் கொஞ்சம் மேலே. அப்படி ஒரு மத்தியானம், தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை, மாசிமாவின் குரல் கேட்டது. ஆட்டுக்கல்லைக் கொண்டுபோக வந்திருந்தாள்.

"தீதி, ஜஹாஜ் கப் ஹை?"

"பேட்டிகா ஜஹாஜ் சனிச்சர்கோ," என்றாள் அம்மா. "ஹம் நை ஜாயேகா."

கப்பல் எப்போது என்றதற்கு, பெண்ணுக்குச் சனிக்கிழமை கப்பல். நான் போகவில்லை. அவ்வளவுதான். மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். கிழக்கு வங்காளத்தில் எல்லாவற்றையும் விட்டு வந்த மாசிமா ஏன் என்று கேட்கவில்லை. ஆட்டுக்கல்லைப் பற்றிப் பேசினாள்.

நான் எழுந்து போய், "எங்க இருக்கப் போற?" என்றேன்.

"காதர் பாய் கடைக்குப் பின்னால ஒரு ரூம். சொல்லி வச்சுட்டேன்."

"மன்னார்குடியில சித்தப்பா இருக்காரே."

"இருக்கார். அவர் வீட்டுல ஒரு மூலையும் இருக்கு. ஒரு மூலைக்குப் போய் உக்கார நாலு நாள் கப்பல் எதுக்குடி?"

"இங்கயே இருக்கணும்னா பெரார்கஞ்ச் கிராமத்துல வயலோரமா இருக்கலாமே."

"போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனா பஸ் எப்பவோ ஒண்ணு. நெஞ்சு வலிச்சா, பஸ் வர்ற வரைக்கும் கொஞ்சம் இருன்னு அதுகிட்டச் சொல்லணும்."

கடைசியாகத்தான் கேட்டேன். "என்கூட வரக்கூடாதா?"

அப்பா, இதை உங்களிடம் மறைக்க முடியாது. திருவல்லிக்கேணியில் ஒரு மாடி போர்ஷன் பார்த்து வைத்திருந்தேன். தனியாக இருக்கிற பெண்ணுக்கு அங்கே யாரும் வீடு தருவதில்லை. படித்த பெண் என்றால் இன்னும் யோசிக்கிறார்கள். "கூட யாரும்மா?" என்றார் வீட்டுக்காரர். "அம்மா வர்றாங்க" என்றேன். உடனே அவர் முகம் மாறிவிட்டது, மோர்கூடக் கொடுத்தார்கள். அந்த மாடிக்குப் பத்தொன்பது படி. செங்குத்து. அம்மாவின் முழங்கால் என் நினைவுக்கே வரவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை. வாடகை, ஜன்னல், கடற்காற்று என்றுதான் சொல்லிக்கொண்டு போனேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒனக்கு வீடு வேணும்னா வேணும்னு சொல்லு வசந்தா," என்றாள். "எனக்காகன்னு சொல்லாதே."



மறுநாள் அபர்டீன் பஜாருக்குக் கூட்டிப்போனாள். காதர் பாயை உங்களுக்குத் தெரியும். ராமநாதபுரத்துக்காரர், அரிசியிலிருந்து அரிக்கேன் விளக்கு வரை விற்பவர். கடைக்குப் பின்னால் பத்துக்கு ஒன்பது அறை. தெருமட்டம், ஒரு படிகூட இல்லை. இந்த ஊரில் படி இல்லாத இடத்தை எப்படிக் கண்டுபிடித்தாள்? குழாய் கைக்கெட்டும் தூரம். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். சுவருக்கு அந்தப் பக்கம் பாயின் மனைவி. வாசலில் கதவுக்குப் பதில் ஒரு கோணிச்சாக்கு தொங்கியது.

"தகரம் அடிச்சுத் தந்துர்றேன் அக்கா," என்றார் பாய். "ஆறு மணிக்குக் கடை தெறப்பேன். அக்கா சத்தம் கேக்கலேன்னா எங்க வீட்டுக்காரி கதவ ஒடச்சுட்டு உள்ள வந்துருவா."

"கதவு எங்கிட்ட இருக்கு பாய். படாக்கு."

"யா அல்லாஹ்! அத ஒடைக்க யானையில்ல வேணும்?"

"அப்ப தாப்பாள் போடாமத் தூங்குறேன்."

அம்மா சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல். கடைக்குள் ஒரு தராசுத் தட்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

மலையாளத் தச்சர் குட்டன் மேஸ்திரி குவார்ட்டர்ஸுக்கு வந்தார். தார்ப்பாயை விலக்கி, பெட்டிகளைச் சுற்றி வந்து, "எந்தா சேச்சி, இது பெட்டியோ, வீடோ?" என்றார். நான்கையும் பிரித்தார். ஒன்று அம்மாவுக்குத் தாழ்வான கட்டில். இரண்டு பெட்டிகள் பாயின் கடைக்கு அலமாரி. நான்காவதன் மூடி, நீங்கள் மன்னார்குடிக்கென்று அளந்தது. அதை பஜார் அறைக்குக் கொண்டுபோய் நிலையில் சாத்திப் பார்த்தார். பொருந்தவில்லை.

"மூணு இஞ்சு கூடுதலாணு. வெட்டட்டே?"

"வேண்டாம்," என்றேன். "நிலையை உயர்த்த முடியாதா?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வெட்டிவிட்டால் அது இனி உங்கள் வாசலுக்கு ஆகாது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பலகையின் மேல் ஒருமுறை உள்ளங்கையை வைத்து எடுத்தாள். "வெட்டுங்க மேஸ்திரி."

படாக் மரத்தூள் சிவப்பு. அம்மாவின் கால்விரல்களின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. அவள் காலை நகர்த்தவில்லை. அந்த மணத்தில் ஒரு கணம் எனக்கு எல்லாம் கலங்கியது. நான் பார்த்தேயிராத மன்னார்குடி வீடு, அதன் முற்றம், ஓய்வுபெற்ற நீங்கள். எல்லாம் இருந்தன. பிறகு ரம்பம் நின்றது.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். "அப்பாவோட அஸ்தியக் கரைச்சது இந்தக் கடல்லங்கறதாலயா இங்கயே இருக்கே?"

"அவருக்காக இல்லடி," என்றாள். "அவருக்கு எப்பவும் ஊருக்குப் போகணும். அதுக்காகத்தான் பெட்டி. சரின்னேன். முதல்ல இங்க வரணும்னார், அதுக்கும் சரின்னேன். நீ எங்க இருக்க ஆசைப்படறேன்னு என்ன யாரும் கேட்டதில்ல. இப்ப கேக்க ஆளே இல்ல. நானே கேட்டுக்கிட்டேன்."

சுதந்திரம் வந்த நான்காம் வருடம் நீங்கள் எங்களைக் கப்பலேற்றினீர்கள். எனக்கு ஆறு வயது. பதினெட்டு வருடம். ஒருமுறைகூடக் கேட்கவில்லையா, அப்பா? கேட்டிருந்தால் அன்று என்ன சொல்லியிருப்பாள்? உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் இரண்டு டிக்கெட்டோடு வந்தவள்தானே.

ஒரு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாளை எனக்கு எதிர்ப் படுக்கையில் யாரோ ஒருவர் வருவார். அம்மா நேற்றே அறைக்குப் போய்விட்டாள். காலையில் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்து வைத்து, பாயின் மனைவியோடு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வந்தியா, உக்காரு," என்றாள். விருந்தாளியிடம் சொல்வதுபோல. ஒரு நிமிடம் வலித்தது. பிறகு உட்கார்ந்தேன்.

மெட்ராஸில் மறுபடியும் வீடு தேடுவேன். "கூட யாரும்மா?" என்று கேட்பார்கள். யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்று சொல்வேன். பத்து வீட்டில் முகத்தில் அடித்தாற்போல் சாத்தினாலும் பதினோராவது வீட்டிலும் அதையேதான் சொல்வேன். அம்மாவைக் காரணம் காட்ட மாட்டேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு. அவளிடம் சொன்னால் பெருமையடித்துக்கொள்வதாக நினைப்பாள்.

உங்கள் மேஜையை எடுத்துப்போக ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் ஏற்கெனவே அந்தப் பக்கத்துக் காலைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதி முடிக்கட்டும் என்று நிற்கிறார்.

உங்கள் மகள்,
அம்மாவின் முதல் விருந்தாளி,
வசந்தா