ஜீப்பின் பாகப்பிரிவினை

மே 4

இன்று காலை ஜீப் பாகப்பிரிவினை ஆயிற்று. கியர் பெட்டிக்கு நேர் கீழே, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டுக்கு முன்னால் உள்ளது எனக்கு, பின்னால் உள்ளது மச்சானுக்கு. சாட்சி, ஜன்னல் வழியாக என் மனைவி. பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். இவ்வளவு சுத்தமான எல்லையை எந்தப் பத்திரத்திலும் எழுதியதில்லை.

தகராறு இதுதான்: பட்டை ஸ்பிரிங்கின் அடுக்குகளுக்கு நடுவே கிரீஸ் தடவலாமா, கூடாதா? தடவ வேண்டும் என்பது என் கட்சி. தூசி அப்பிக்கொள்ளும் என்பது அவன் கட்சி. பம்ப் மோட்டார் கடை வைத்திருப்பதால் உலகத்தில் சுழலும் எல்லாவற்றுக்கும் தானே அதிகாரி என்ற நினைப்பு அவனுக்கு.

மே 5

எதற்காக இதெல்லாம் என்று எழுதி வைப்பது நல்லது. மகளுக்கு மலைமேல் கால்நடை மருந்தகத்தில் முதல் வேலை. இருபதாம் தேதி சேர வேண்டும். பஸ் அடிவாரத்தோடு சரி. அதற்கு மேல் ஒன்பது கிலோமீட்டர் கல்லும் ஓடையும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் ஏறும். மாமனார் விட்டுப்போன ஜீப் இருக்கிறது. அதன் ஆக்ஸில் இரண்டும் போய்விட்டன, ஸ்பிரிங்குகள் உடைந்துவிட்டன.

கோடு போட்ட பிறகு பழைய இரும்புக் கடைக்கும் தனித்தனியாகத்தான் போனோம். முன் ஆக்ஸில் நான் பொறுக்கியது. பின் ஆக்ஸில் அவன் பொறுக்கியது.

மே 9

என் பாகம் முடிந்தது. ஆக்ஸிலைச் சுழற்றும் ஷாஃப்டைக் கையால் திருப்பி எண்ணினேன். சக்கரம் ஒரு சுற்று வர, ஷாஃப்ட் நாலேகால் சுற்று. முன்னும் பின்னும் இந்தக் கணக்கு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். அவனும் பின்னால் எண்ணிக்கொண்டிருந்தான், உதடு அசைந்தது. எத்தனை என்று கேட்கலாம். கேட்டால், "அத்தானுக்கு என்மேல நம்பிக்கை இல்ல" என்று அக்காவிடம் போய் நிற்பான்.

மே 10

அவனும் கேட்கவில்லை.

மே 13

முதல் ஓட்டம். மண் மைதானத்தில் கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. தார் ரோட்டுக்கு வந்ததும் ஸ்டியரிங் கனத்தது. அடியில் ஏதோ முனகியது. முன்னாலிருந்து வருகிறது என்றான் மச்சான். பின்னாலிருந்து வருகிறது என்றேன். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புது சாமான், பழகிவிடும் என்று சொன்னோம். இந்த மாதத்தில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மே 15



குன்றுச் சாலையில் மகள்தான் ஓட்டினாள். பக்கத்தில் நான், பின்னால் அவன். மழை விட்டு ரோடு பளபளவென்று கிடந்தது. இறக்கத்தில் வளைவு வந்தது. ஒடித்தாள் - வண்டி திரும்பவில்லை. நேரே போகுது. பிரேக்கை மிதிக்கிறா, நேரேதான் போகுது. அவ கத்தக்கூட இல்ல. மைல்கல்லில் இடித்து நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கீழே மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

நான்கு சக்கரத்தையும் சேர்த்து இழுக்க வைக்கும் லீவரை விடுவிக்கப் பார்த்தாள், இறுகிக் கிடந்தது. வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்ததும் 'டங்' என்று விட்டது. இறங்கி, இரண்டு டயருக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, உங்க பக்கம் எத்தனை சுத்து?"

"அஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி."

"அப்பா?"

"நாலேகால்."

குனிந்து முன் ஆக்ஸிலைப் பார்த்தாள், பிறகு பின் ஆக்ஸிலைப் பார்த்தாள்.

"எண்ணத் தெரிஞ்சிருக்கு," என்றாள் கடைசியில். "கேக்கத்தான் தெரியல."

மே 16

ஒரு ஆக்ஸிலை மாற்றினால் போதும், தீர்ந்துவிடும். ஜோடி சேருகிற மாதிரி முன்னுக்கும் இருக்கிறது, பின்னுக்கும் இருக்கிறது என்று இரும்புக் கடையில் போனில் சொன்னார்கள். இரண்டு நாள் வேலை.

மே 17

எதை மாற்றுவது என்பதுதான் கேள்வி. ஜீப்புக்கு இழுவைதான் முக்கியம், அதனால் ஐந்துதான் சரி, முன்னாலுள்ளதைக் கழற்று என்கிறான். நாலேகால் ஓடினால் எஞ்சின் கதறாது, பின்னாலுள்ளதைக் கழற்று என்கிறேன். என் வாதத்தில் நியாயம் கூடுதல். சாப்பாட்டு மேசையில் இதைத் தாள் போட்டு விளக்கினேன். மனைவி தாளின்மேல் குழம்புச் சட்டியை வைத்தாள்.

"உன் பிள்ளையா இருந்தா இப்படி நிப்பியா?" என்று தம்பியைக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களைக் கேக்கல. உங்களுக்கு அவ சொந்தப் பிள்ளை."

மே 18

மச்சான் ஒரு படி இறங்கி வந்தான். சீட்டுக் குலுக்கிப் போடலாமாம். கணக்கைக் குலுக்கல் தீர்மானிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மே 19

சாக்பீஸ் கோட்டின்மேல் மகளின் பெட்டி இருக்கிறது. அங்கே ஏன் வைத்தாள் என்று கேட்கவில்லை. நாளை காலைக்குள் முடிவு சொல்வதாக மச்சான் ஆள் அனுப்பினான். நானும் யோசிப்பதாகச் சொல்லியனுப்பினேன்.

மே 20

ஐந்தரை மணி பஸ்ஸில் மகள் போனாள். மதியம் அவள் அம்மாவுக்குப் போன் வந்தது. நடந்தே போய்ச் சேர்ந்துவிட்டாளாம். பெட்டி அடிவாரத்தில் ஒரு கடையில் இருக்கிறது.